விழுந்ததை எழுப்புமுன் காரணத்தைக் கேளுங்கள்



சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையைக் கேட்ட சிலர் அதை எழுத்திலும் தரும்படி கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் இரண்டு வகையினர். ஒரு பகுதியினர் தாய் தந்தையர். "எங்கடை மகள் இரவிரவாகக் கணினிக்கு முன்னாலை இருந்து என்னத்தோடை மல்லுக்கட்டுறாள்?" என்பது அவர்களுடைய கேள்வி. மற்றப் பகுதியினர் இந்தத் துறைக்குள் புதிதாகக் காலடி வைத்திருக்கும் எமது பிள்ளைகள். பிழை ஒன்று வந்தால் எங்கே தொடங்கிப் பார்ப்பது என்பது அவர்களுடைய கேள்வி. இரு சாராருக்குமாகவே இதை எழுதுகிறேன். ஆங்கிலக் கட்டளைகளை வானொலியில் உச்சரித்தபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பிறவியிலேயே கணினிக்காரன் அல்ல. தொண்ணூறுகளில் இங்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை செய்தேன். தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு வயது 42. பிள்ளைகளோடு பிள்ளையாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். நான் வேலை செய்யும் இடம், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு நேர அட்டவணை வழங்கும் ஒரு சிறிய நிறுவனம். எந்தப் பணியாளர், எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக்குப் போகவேண்டும், அங்குள்ளவருக்கு என்ன மருந்து என்பதெல்லாம் அதிகாலை 5 மணிக்குப் பணியாளரின் கைத்தொலைபேசியில் தெரியவேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். தகுதிகாண் காலம் முடியவில்லை. ஒரு நாள் இரவு 12.40 மணியளவில், எமது அணியின் மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து பதறினேன். அவரும் எம்மவர்தான். "அக்கா, எல்லாம் செத்துப் போச்சு. எழுப்ப எழுப்பத் திரும்பவும் சாகுது. ஒண்டும் மிஞ்சேல்லை" என்றேன்.

பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டார்.

"ஆர் மோனை செத்தது? ஊரிலை இருந்தோ கோல் வந்தது?"

நேயர்களே, நடு இரவில் தொலைபேசியில் பதறும் குரல் கேட்டால் எங்கள் வீடுகளில் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. "ஒருத்தரும் இல்லை அம்மா, வேலையிடத்துப் பிரச்சினை, நீங்கள் படுங்கோ" என்றேன். அம்மா படுக்கவில்லை. கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று செத்தது என்ன, அது ஏன் செத்தது, நான் செய்த பிழை என்ன என்பதே இந்தக் கட்டுரை.

பொட் என்றால் என்ன?

ஒரு மென்பொருளை ஒரு கணினியில் ஓடவைத்தால், அந்தக் கணினி பழுதாகும்போது மென்பொருளும் நின்றுவிடும். ஆகவே பெரிய நிறுவனங்கள் பல கணினிகளை ஒன்றாக இணைத்து, ஒன்று விழுந்தாலும் மற்றது வேலையைத் தொடரும்படி வைத்திருக்கின்றன. இப்படி இணைத்த கூட்டத்துக்குக் கிளஸ்ரர் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்.

மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையான துணைப் பொருட்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். கப்பலில் ஏற்றும் பெட்டியைப் போலவே அதற்கும் கொள்கலன் என்றே பெயர், ஆங்கிலத்தில் கொன்ரெயினர். பெட்டி எப்படி அடைக்கப்படவேண்டும் என்ற அச்சு, இமேஜ் எனப்படும். ஒன்று அல்லது சில கொள்கலன்கள் சேர்ந்து ஒன்றாக ஓடும் மிகச் சிறிய அலகுதான் பொட். பட்டாணி நெற்றுக்குள் பருப்புகள் ஒன்றாக இருப்பதைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அந்த நெற்றுக்கும் பொட் என்றுதான் பெயர்.

எந்தப் பொட் எந்த நோட்டில் இருக்கவேண்டும், எத்தனை இருக்கவேண்டும், ஒன்று விழுந்தால் பதிலுக்கு ஒன்றை எழுப்பவேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்தான் குபெர்நெற்றிஸ். சுக்கான் பிடிப்பவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். கூகிள் நிறுவனம் இதை 2014 இல் வெளியிட்டது. 2015 இல் முதலாம் பதிப்பு வந்தபோது ஒரு பொது அமைப்பிடம் கையளித்தது. இன்று இது எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மென்பொருள்.

"இந்த மென்பொருளில் எப்போதும் 4 பொட்கள் ஓடவேண்டும்" என்று நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத்தாளுக்கு டிப்ளோய்மென்ற் என்று பெயர். புதிய பதிப்பைப் போடும்போது குபெர்நெற்றிஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாது. விசேடமாக எதுவும் சொல்லாவிட்டால், 4 பொட்களில் 1 ஐ இறக்கி, மேலதிகமாக 1 ஐயும் சேர்த்து, புதியவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் மற்றவற்றை மாற்றும். புதியவை விழுந்தால் மிகுதிப் பழையவை அப்படியே நின்று வேலை செய்யும். இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். என் பிழை இங்கேதான் வரப்போகிறது.

வாடகை வீடும் வீட்டுக்காரரும்

குபெர்நெற்றிஸ் கிளஸ்ரரை நாமே கட்டி நடத்துவது சிரமமான வேலை. ஆகவே பெரும்பாலான நிறுவனங்கள் அமேசன், கூகிள், மைக்ரோசொஃப்ற் போன்றவர்களிடம் காசு கொடுத்து அதை வாடகைக்கு எடுக்கின்றன. அமேசனில் அதன் பெயர் ஈ.கே.எஸ், கூகிளில் ஜீ.கே.ஈ, மைக்ரோசொஃப்ற்றில் ஏ.கே.எஸ்.

நாங்கள் இங்கு வந்த புதிதில் இருந்த அடுக்குமாடிக் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். சுடுதண்ணீர், லிஃப்ற், கூரை எல்லாம் கட்டடக்காரர் பொறுப்பு. ஆனால் எங்கள் குசினியில் சோறு அடிப்பிடித்தால் கட்டடக்காரரைக் கூப்பிட முடியாது. இங்கும் அப்படித்தான். கிளஸ்ரரின் மூளைப் பகுதியை வாடகைக்குத் தருபவர் பார்த்துக்கொள்வார். எங்கள் இமேஜ், எங்கள் கடவுச்சொல், நாங்கள் ஒதுக்கிய நினைவகம் எல்லாம் எங்கள் பொறுப்பு. பொட் விழுந்தவுடன் "அமேசனில் ஏதோ பிரச்சினை" என்று சொல்வது எல்லோருக்கும் சுகம். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் அடிப்பிடித்தது எங்கள் சோறுதான்.

நிலையைக் காட்டும் ஒரு சொல்

பொட் ஒன்று எழும்பாவிட்டால் முதலில் கொடுக்கவேண்டிய கட்டளை "கியூப்கொன்ரோல் கெற் பொட்ஸ்". ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில் அதன் நிலை ஒரு சொல்லில் தெரியும். அந்தச் சொல், பயணம் எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைச் சொல்கிறது. காரணத்தை அறிவதற்கு இரண்டாவது கட்டளை: "கியூப்கொன்ரோல் டிஸ்கிரைப் பொட்", அதன்பின் பொட்டின் பெயர். நீளமாக ஒரு பட்டியல் வரும். பயப்படாமல் கடைசிக்குப் போங்கள். அடியில் ஈவென்ற்ஸ் என்ற தலைப்பின் கீழ் நடந்தவை வரிசையாக எழுதியிருக்கும். இந்தப் பதிவுகள் பொதுவாக 1 மணித்தியாலம்தான் இருக்கும். பிறகு அழிந்துவிடும். ஆகவே தேநீர் போடப் போகுமுன் அதைப் பிரதி எடுத்து வையுங்கள்.

இனி, படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: பென்டிங். இந்தச் சொல் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காக இதே சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனால் குபெர்நெற்றிஸ் காரணத்தையும் எழுதி வைக்கும். பொட்டை வைக்க இடம் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். "3 நோட்களில் ஒன்றும் பொருந்தவில்லை, 3 இலும் சீ.பீ.யூ போதாது" என்பது போன்ற ஒரு வரி ஈவென்ற்ஸில் இருக்கும்.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நோட்டைப் பார்த்தால் பாதிக்குமேல் சும்மா கிடக்கும். ஆனால் இடமில்லை என்று சொல்லும். கலியாண மண்டபத்தை 300 பேருக்குப் பதிவு செய்துவிட்டு 120 பேர் வந்தாலும், மிகுதிக் கதிரைகளை மண்டபக்காரர் வேறு விழாவுக்குக் கொடுக்கமாட்டார் அல்லவா? அதுபோல, ரிக்குவெஸ்ற் என்று நாம் எழுதிக் கேட்ட அளவைத்தான் குபெர்நெற்றிஸ் கணக்கில் எடுக்கும். உண்மையில் எவ்வளவு பாவிக்கிறோம் என்று பார்க்காது. கேட்ட அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள். உண்மையிலேயே தேவை என்றால் நோட் ஒன்றைக் கூட்டுங்கள்.

வாடகைக் கிளஸ்ரருக்கே உரிய காரணங்களும் உண்டு. பொட்டுக்கு ஒரு வட்டுச் சேமிப்பகம் தேவைப்பட்டு, அந்த வட்டு ஒரு வலயத்திலும் இடமுள்ள நோட் வேறு வலயத்திலும் இருந்தால் பொட் காத்துக்கொண்டே இருக்கும். அமேசனில் ஒவ்வொரு பொட்டும் வலையமைப்பில் ஒரு முகவரியை எடுத்துக்கொள்கிறது. அங்கு ரீ3 மீடியம் என்ற சிறிய வகைக் கணினியில், வழமையான அமைப்பில், 17 பொட்களுக்கு மேல் வைக்கமுடியாது. நினைவகம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் 18 ஆவது பொட் வெளியே நிற்கும்.

இரண்டாம் படி: இமேஜ் புல் பாக் ஓஃப். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் களஞ்சியத்தில் இருந்து இமேஜை எடுக்கமுடியவில்லை. முதலில் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அநேகமாக எழுத்துப் பிழைதான். அடுத்து அனுமதி. தனியார் களஞ்சியம் என்றால் திறப்பு வேண்டும். உங்கள் மடிக்கணினியில் எடுக்கமுடிகிறது என்பதால் நோட்டாலும் எடுக்கமுடியும் என்று நினைக்கவேண்டாம். திறப்பு உங்களிடம் இருக்கிறது, நோட்டிடம் இல்லை. மூன்றாவது, பொதுக் களஞ்சியமான டொக்கர் ஹப் 2020 ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து இலவசமாக எடுப்பவர்களுக்கு அளவுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நேற்று வந்த இமேஜ் இன்று வராமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம்.

மூன்றாம் படி: கிரியேற் கொன்ரெயினர் கொன்ஃபிக் எரர். இமேஜ் வந்துவிட்டது. ஆனால் நாம் தருவதாகச் சொன்ன அமைப்புக் குறிப்போ இரகசியக் கடவுச்சொல்லோ அந்தப் பெயரில் இல்லை. பரிசோதனைக் கிளஸ்ரரில் உருவாக்கிவிட்டு உண்மையான கிளஸ்ரரில் உருவாக்க மறந்திருப்போம். ஈவென்ற்ஸில் எந்தப் பெயர் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும்.

நான்காம் படி: கிராஷ் லூப் பாக் ஓஃப். எல்லோரையும் நித்திரை இல்லாமல் செய்வது இதுதான். மென்பொருள் தொடங்குகிறது, விழுகிறது, மறுபடி எழுப்பப்படுகிறது, மறுபடி விழுகிறது. வழமையில் குபெர்நெற்றிஸ் முதலில் 10 செக்கன் பொறுக்கும், பிறகு 20, 40, 80, 160 என்று இரட்டிப்பாக்கிக் கடைசியில் 5 நிமிடத்துக்கு ஒருதடவை எழுப்பிப் பார்க்கும். இந்தப் பெயர் நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்பது போல ஓர் அறிகுறிதான்.

இங்கே மூன்றாவது கட்டளை தேவை: "கியூப்கொன்ரோல் லொக்ஸ்", பொட்டின் பெயர், அதன்பின் "பிரீவியஸ்". விழுவதற்கு முன் அந்த மென்பொருள் கடைசியாக என்ன சொன்னது என்பதை இது காட்டும். பிரீவியஸ் என்ற சொல்லை விட்டுவிட்டால், இப்போதுதான் எழும்பிய கொள்கலனின் பதிவு வரும். அதில் இன்னும் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது.

டிஸ்கிரைப் கட்டளையில் வெளியேறு எண் ஒன்றும் இருக்கும். 1 என்றால் மென்பொருளே தன் பிழையால் நின்றுவிட்டது. 127 என்றால் ஓடவேண்டிய கட்டளையே பெட்டிக்குள் இல்லை. 137 என்றால் வெளியில் இருந்து பலவந்தமாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் ஓ.ஓ.எம் கில்ட் என்று இருந்தால், ஒதுக்கிய நினைவகத்தை மீறியதால் நிறுத்தப்பட்டது. ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சீ.பீ.யூ எல்லையை மீறினால் வேகம்தான் குறையும். நினைவக எல்லையை மீறினால் ஆளே போய்விடும். 0 என்றால் பிழையே இல்லை, வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அப்படி ஒருதடவை ஓடி முடியும் வேலையை டிப்ளோய்மென்ற்றாகப் போடாமல் ஜொப் என்ற வகையில் போடவேண்டும்.

இன்னொன்று. 2020 இன் இறுதியில் இருந்து வந்த அப்பிள் மடிக்கணினிகளின் செயலி வேறு வகை. அதில் கட்டிய இமேஜை அப்படியே சாதாரண இன்ரெல் வகை நோட்டில் போட்டால், வடிவம் பிழை என்று ஒரு வரி சொல்லிவிட்டு விழும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி இதில் மாட்டுகிறார்கள்.

ஐந்தாம் படி: ரன்னிங். ஓடுகிறது என்று காட்டும். ஆனால் பக்கத்தில் ரெடி என்ற இடத்தில் 1 இற்கு 0 என்று இருக்கும். கடை திறந்திருக்கிறது, ஆனால் இன்னும் வியாபாரத்துக்குத் தயாரில்லை என்பது போல. மென்பொருள் தயாரா என்று குபெர்நெற்றிஸ் இடைக்கிடை தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் வாடிக்கையாளரை அந்தப் பொட்டுக்கு அனுப்பாது. இன்னொரு வகைத் தட்டல் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பதில் வராவிட்டால் கொள்கலனை நிறுத்தி மறுபடி எழுப்பும். இயல்பான அமைப்பில் 10 செக்கனுக்கு ஒருதடவை தட்டி, 3 தடவை பதில் இல்லாவிட்டால் நிறுத்திவிடும். தொடங்குவதற்கே 1 நிமிடம் எடுக்கும் மென்பொருள் இதனால் ஒருநாளும் எழும்பாது. இதற்கென்றே ஸ்ரார்ட்டப் புரோப் என்ற தொடக்கத் தட்டல் இருக்கிறது. 2020 இல் வந்த 1.20 பதிப்பில் அது நிலையான வசதியாகியது. தொடங்கி முடியும்வரை மற்றத் தட்டல்களை அது பொறுக்கச் சொல்லும்.

அன்று இரவு நடந்தது

இனி என் கதைக்கு வருகிறேன். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும் என்பது எமது நிறுவனத்தின் விதி. அன்று அது என் முறை. இரவு 11.30 இற்குத் தரவுத்தளத்தில் புதிய கடவுச்சொல்லை வைத்தேன். அதையே கிளஸ்ரரில் சீக்ரெற் எனப்படும் இரகசியப் பெட்டியிலும் வைத்தேன். பிறகு பொட்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

புதிய பொட் 2 எழும்பின. இரண்டும் கிராஷ் லூப். பழைய பொட் 3 ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. தரவுத்தளத்தோடு முன்னரே திறந்திருந்த இணைப்புகளில் அவை வேலை செய்துகொண்டிருந்தன. கடவுச்சொல் மாறினாலும் திறந்திருக்கும் இணைப்பு உடனே அறுந்துவிடாது.

அந்த நேரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால்கூட விடியும்வரை சேவை தாக்குப்பிடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? விழுந்த 2 பொட்களையும் அழித்தேன். பதிலுக்கு 2 எழும்பி அவையும் விழுந்தன. மறுபடி அழித்தேன். ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்தேன். பிறகு, பழையவைதான் புதியவற்றுக்குத் தடையாக நிற்கின்றன என்று என் மூளை ஒரு நியாயம் கண்டுபிடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 3 ஐயும் என் கையாலேயே அழித்தேன். பதிலுக்கு எழும்பியவையும் அதே புதிய சீக்ரெற்றை எடுத்து அதேபோல விழுந்தன. இப்போது ஒன்றும் மிஞ்சவில்லை.

பழைய நிலைக்குத் திருப்பும் "றோல் அவுட் அண்டூ" கட்டளையையும் கொடுத்துப் பார்த்தேன். பயனில்லை. அந்தக் கட்டளை டிப்ளோய்மென்ற்றின் தாளை மட்டும்தான் திருப்பும். சீக்ரெற்றுக்குள் இருப்பதைத் திருப்பாது. இது எனக்கு அன்று தெரியாது.

அப்போதுதான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் பதறி முடியும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, லொக்கிலை என்ன எழுதியிருக்கு?"

நான் வாய் திறக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக 10 பொட்களுக்கு மேல் அழித்திருக்கிறேன். ஒன்றின் கடைசிச் சொல்லையாவது வாசிக்கவில்லை. பொட் அழிக்கப்பட்டால் அதன் பதிவும் அதோடு போய்விடும். காரணத்தை எழுதி வைத்திருந்த தாள்களை நானே ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்திருக்கிறேன்.

"இனி ஒண்டையும் அழியாதையும். விழட்டும். விழுந்தாப் பிறகு வாசியும்" என்றார்.

வாசித்தேன். கடவுச்சொல் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று ஒரே ஒரு வரி. சீக்ரெற்றில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. "எண்ணிப் பாரும்" என்றார் அக்கா. நான் வைத்த கடவுச்சொல்லில் 20 எழுத்துகள். கணினி எண்ணியபோது 21. அந்த மேலதிக எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. "எக்கோ" என்ற கட்டளையால் கடவுச்சொல்லைப் போடும்போது, கடைசியில் அடுத்த வரிக்குப் போ என்ற குறி ஒன்றையும் அது சேர்த்துவிடும். "எக்கோ", ஒரு சிறு கோடு, "என்" என்று கொடுத்திருந்தால் அது சேர்ந்திருக்காது.

திருத்தி, சீக்ரெற்றை மறுபடி வைத்து, பொட்களைப் புதுப்பித்தேன். 1.50 மணிக்கு நான்கும் ரன்னிங், நான்கும் ரெடி. 5 மணிக்குப் பணியாளர்களுக்கு அட்டவணை போய்விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கும் வேறொரு நிறுவனத்தில் இருந்து கிழமையில் மூன்று நாள் ஒரு பராமரிப்புப் பெண் வருகிறார். அவர் வந்துதான் அம்மாவைக் குளிக்கவார்த்து, குளிசை எடுத்துக் கொடுப்பார். அந்தப் பிள்ளை அரை மணித்தியாலம் பிந்தினாலே அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று 5 மணிக்கு அந்த அட்டவணை போகாமல் விட்டிருந்தால் எத்தனை யன்னல்களில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்?

அடுத்த நாள் காலை நடந்ததை எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். ஓடிக்கொண்டிருந்த 3 பொட்களை அழித்தது நான்தான் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். வேலை போய்விடும் என்று மனைவி பயந்தார். நானும் பயந்தேன். வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக, கடவுச்சொல் மாற்றும்போது எழுத்துகளை எண்ணிப் பார்க்கவேண்டும், பழைய கடவுச்சொல்லும் சில மணித்தியாலம் செல்லுபடியாக இருக்கவேண்டும் என்று இரண்டு விதிகள் எமது அணியில் சேர்ந்தன.

அம்மாவுக்கும் அன்று பகல் விளங்கப்படுத்தினேன். பட்டாணி, மண்டபம், கட்டடக்காரர் என்று மேலே எழுதிய உதாரணங்கள் எல்லாம் அம்மாவுக்குச் சொன்னவைதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விழுந்த பிள்ளையைத் தூக்கித் தூக்கி நிப்பாட்டினால் என்ன வரும்? காலிலை என்ன குத்தினது எண்டு முதல் பாக்கவேணும்" என்றார். அக்கா சொன்னதும் அதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பயில்வதற்கு வாடகைக் கிளஸ்ரர் தேவையில்லை. மினிகியூப், கைண்ட் என்ற இரண்டு இலவச மென்பொருட்களில் ஒன்றை உங்கள் மடிக்கணினியிலேயே போடலாம். அமேசனில் பயின்றால் மறக்காமல் அழித்துவிடுங்கள். ஒன்றும் ஓடாவிட்டாலும் கிளஸ்ரருக்கு மட்டும் மணித்தியாலத்துக்கு 10 அமெரிக்கச் சதம் ஓடும். மாதம் ஏறக்குறைய 73 டொலர். நோட்களுக்கு வேறு.

போட்டபின், வேண்டுமென்றே உடையுங்கள். இமேஜின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். இல்லாத சீக்ரெற் ஒன்றைக் கேளுங்கள். நினைவக எல்லையை மிகச் சிறிதாக வையுங்கள். 100 சீ.பீ.யூ வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கெற், டிஸ்கிரைப், லொக்ஸ் என்ற மூன்றையும் இதே ஒழுங்கில் கொடுத்து, என்ன சொல் வருகிறது, அடியில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான்கு நாள் மாலை போதும். வேலைக்கான நேர்முகத்தில் இந்தக் கொப்பி உங்களுக்குக் கைகொடுக்கும்.

உண்மையான பிழை வரும்போது ஐந்து விடயங்களை மனதில் வையுங்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள். அழிக்குமுன் வாசியுங்கள். வாசித்ததைப் பிரதி எடுங்கள். கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள், அதில் சீக்ரெற்றையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களால் முடியாவிட்டால் நேரத்தோடு ஒருவரை எழுப்புங்கள். நான் 12.40 இற்கு எடுத்த தொலைபேசியை 11.45 இற்கே எடுத்திருக்கவேண்டும். புதியவன், அகதியாக வந்தவன், வயது போனவன், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம்தான் என்னைத் தடுத்தது. அந்த வெட்கத்துக்கு ஒரு மணித்தியாலமும் 3 பொட்களும் விலை கொடுத்தேன்.

தாய் தந்தையருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் உங்கள் பிள்ளை "எல்லாம் செத்துப் போச்சு" என்று தொலைபேசியில் சொன்னால் பயப்படாதீர்கள். ஒரு தேநீரை வைத்துவிட்டு, "என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சனீயோ?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அம்மா அப்படித்தான் கேட்கிறார்.

மீண்டும் அடுத்த உரையில் சந்திப்போம்.